கிசான் அட்டையைக் காட்டிப் பணம் செலுத்துதல்: சௌகரியமும் ஜாக்கிரதையும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் மண்ணச்சநல்லூரை அடுத்த திருவெள்ளறை போன்ற கிராமங்களில், நடவுக் காலத்தில் விதை, உரம், கூலிச் செலவுகள் அனைத்தும் ஒருங்கே வந்து சேர்வது வழக்கம். இதற்கெனக் கிசான் கடன் கணக்கிலுள்ள தொகை முழுவதையும் ரொக்கமாக எடுத்து வீட்டில் வைக்கும் விவசாயி, பெட்டியில் சும்மா கிடக்கும் பணத்திற்கும் வட்டி கொடுக்கிறார். திருட்டு பயமும் உண்டு. 1998ஆம் ஆண்டில் ஏற்பட்ட இக்கடன் அட்டைத் திட்டத்தில், எடுத்த தொகைக்கு மட்டுமே எடுத்த நாள் முதல் வட்டி கணக்கிடப்படும். ஆகவே, வேண்டியபோது வேண்டிய அளவே கடையில் அட்டையால் செலுத்துவது லாபகரமாகும்.

அட்டையின் மீது நான்கு வளைகோடுகள் கொண்ட குறி இருப்பின், அதனை இயந்திரத்தில் செருக வேண்டியதில்லை. சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் காட்டினாலே போதும். அதிலுள்ள சில்லு ஒவ்வொரு முறையும் புதிய சங்கேதம் ஒன்றை உண்டாக்குகிறது. ஒரு முறை பயன்பட்டது மறுமுறை செல்லாது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, 2021 ஜனவரி 1 முதல் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை ரகசிய எண்ணின்றிச் செலுத்தலாம். உரக்கடையில் கைரேகை பெறும் இயந்திரம் மானிய உர விற்பனையைப் பதிவு செய்வதற்கானது. பணம் செலுத்தும் இயந்திரம் வேறு.

ரகசிய எண் கேளாதிருப்பது சௌகரியமே. ஆயினும், அட்டை பிறர் கைக்குச் சென்றால் அதுவே ஆபத்தாகும். செலவு பிறருடையது, கடன் விவசாயியுடையது. எனவே கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்.

1. 2020ஆம் ஆண்டின் விதிப்படி, புதிய அட்டையில் இவ்வசதி தானாக இயங்காது. உடையவர் கேட்டே தொடங்க வேண்டும். உச்சவரம்பைத் தம் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்; வேண்டாத காலத்தில் நிறுத்தியும் வைக்கலாம்.

2. அட்டையை ஆட்களிடமோ கடைக்காரரிடமோ கொடுத்தனுப்பலாகாது. திரையில் தொகையைப் படித்துப் பார்த்த பின்பே தாமே காட்ட வேண்டும். ரசீதும் பெற வேண்டும்.

3. கைப்பேசி எண்ணை வங்கியில் பதிவு செய்து, வரும் செய்திகளை அன்றன்றே பார்க்க வேண்டும்.

4. அட்டை தொலைந்தால் அக்கணமே வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். 2017 ஜூலை 6ஆம் தேதிய ரிசர்வ் வங்கி உத்தரவின்படி, தெரிவித்த பின் நேரும் நஷ்டம் வங்கியைச் சாரும். மோசடி நேர்ந்தால் 1930 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம்.

5. கணக்கில் பணம் குறைந்தும் கடைக்கு உறுதிச் செய்தி வராவிடின், ஐந்து நாட்களுக்குள் அது திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு உண்டு. இது 2019ஆம் ஆண்டின் விதி.

கிராம நிர்வாக அலுவலர்கள் இவ்விஷயங்களைக் கிராம சபையில் எடுத்துரைத்தால், படிப்பறியாத குடியானவர்களும் பயனடைவர்.