மேடையேறிய மலை ஆட்டம்

ஒரே ஒரு புள்ளி. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரளப் பள்ளிக் கலைவிழாவில் திருச்சூர் (1,008) பாலக்காட்டை (1,007) முந்தித் தங்கக் கோப்பையைத் தட்டிச் சென்றது. மாணவ மாணவியரிடம் அதைவிடப் பரபரப்பு, புதிதாகச் சேர்ந்த ஐந்து ஆதிவாசி ஆட்டங்களுக்கு. 1957-ல் எர்ணாகுளத்தில் தொடங்கிய விழாவில் இவை போட்டிக்கு வந்தது அதுவே முதல்முறை. அவற்றில் இருளர், பளியர் ஆட்டங்களும் உண்டு. இரு சாராரும் தமிழக மலைகளிலும் வாழ்பவர்கள்.

பரதத்துக்கும் மோகினியாட்டத்துக்கும் உடை, நகை, குருதட்சணை என்று பெற்றோர் கடன்படுவது இவ்விழாவின் தீராத வியாதி. மஞ்சு வாரியர் வென்ற 'கலாதிலகம்' பட்டமே 2006-ல் கைவிடப்பட்டது. கருணை மதிப்பெண் ஆசை மட்டும் போகவில்லை. மலை ஆட்டத்துக்கும் இனி பயிற்சியாளர்கள் முளைப்பார்கள். அந்தத் தட்சணையில் ஆட்டத்துக்குச் சொந்தக்காரர்களான மலைவாசிப் பெரியவர்களுக்கு எவ்வளவு போகும்?