பேருதான் ஓக்... ஆனால் ஓக் இல்லை! நீலகிரி சில்வர் ஓக் மரத்தின் கதை

மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரிக்கோ குன்னூருக்கோ பஸ் ஏறினால், தேயிலைத் தோட்டம் தொடங்கியதுமே கண்ணில் படும் மரம் இது. நெடுநெடுவென வளர்ந்து, பெரணி போன்ற இலையுடன் நிற்கும் சில்வர் ஓக். அதன் பெயரிலேயே ஒரு பொய் இருக்கிறது.

நிஜமான ஓக் மரங்கள் இமயமலையிலும் வடகிழக்கிலும்தான் இயற்கையாக வளர்கின்றன. மணிப்பூரில் டஸ்ஸர் பட்டுப்புழுவுக்கு ஓக் இலைதான் சாப்பாடு. மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்த இனம் இயற்கையாக இல்லை.

அப்போ சில்வர் ஓக்? கிழக்கு ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த இதன் அறிவியல் பெயர் கிரெவில்லியா ரோபஸ்டா. மக்கடாமியா கொட்டையின் உறவுக்காரர் என்று சொல்லலாம். அறுத்த பலகையில் தெரியும் பளபளப்பான ரேகைகள் ஓக் பலகையை ஞாபகப்படுத்தியதால் வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

எஸ்டேட்காரர்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும்?

தேயிலைக்கு அடர்ந்த நிழல் ஆகாது, வடிகட்டிய வெயில் வேண்டும். சில்வர் ஓக் அதைத் தருகிறது. நேராக வளரும் சொரசொரப்பான தண்டில் மிளகுக் கொடியும் ஏற்றலாம். கடைசியில் பிளைவுட்டுக்கு விற்றால் தனிக் காசு. வேளாண் பல்கலைக்கழகத்தின் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி மலைவேம்பு, சவுக்கு போன்றவற்றை விவசாயிகளிடம் கொண்டுபோனதும் ‘மரமும் ஒரு பயிர்தான்’ என்ற இதே கணக்கில்தான்.

மண்ணுக்குள் நடப்பதும் சுவாரஸ்யம். இதன் பிரஷ் போன்ற கொத்து வேர்கள் கரிம அமிலங்களைச் சுரந்து, மண்ணில் சிக்கிக் கிடக்கும் பாஸ்பரஸை விடுவிக்கின்றன. சத்தில்லாத மண்ணிலும் தாக்குப்பிடிப்பது அதனால்தான். ஆழமாக வேர்விடும் மரம், பயிரோடு தண்ணீருக்குச் சண்டை போடாது என்றும் ஒரு காலத்தில் நம்பினார்கள். 1990-களில் கென்யாவின் மச்சாகோஸில் மக்காச்சோளத்தோடு சேர்த்து வளர்த்துப் பார்த்த விஞ்ஞானிகளுக்கு வேறு பதில் கிடைத்தது. மரம் பெரிதாக ஆக, மேல் மண்ணின் ஈரத்தையும் அதுவே குடித்தது. விளைச்சல் அடி வாங்கியது. கிளைகளைக் கழித்தால் போட்டி குறையும். நம்ம ஊர் தோட்டங்களில் கவாத்து செய்வது வெளிச்சத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம்!

பறவைகள் என்ன சொல்கின்றன?

வால்பாறை பகுதியில் நடந்த பறவை ஆய்வுகளில், இயல்பான காட்டு மரங்களின் நிழலில் இருந்த காபித் தோட்டங்களில் மழைக்காட்டுப் பறவைகள் கணிசமாக இருந்தன. தேயிலைத் தோட்டங்களில் மிகக் குறைவு. சில்வர் ஓக்கின் ஆரஞ்சு நிறப் பூவில் தேன் உண்டு, தேனீக்கும் பறவைக்கும் அது விருந்துதான். ஆனால் பலா, அத்தி தருவது மாதிரி சதைப்பற்றுள்ள பழம் இதில் இல்லை. விதை காற்றில் பறக்கும், அவ்ளோதான்.

அப்படியிருந்தும் குடகு காபித் தோட்டங்களில் நாட்டு மரங்களின் இடத்தை இது பிடித்தது. காரணம் தாவரவியல் அல்ல, சட்டம். அங்கே பல நிலங்களில் நாட்டு மரங்களின் உரிமை அரசுக்கு. வெட்ட அனுமதி வாங்குவது பெரும்பாடு. சில்வர் ஓக்குக்கு அந்தத் தொல்லை குறைவு. தன் நிலத்தில் தானே விற்க முடியாத மரத்தை யார் ஆசையாக வளர்ப்பார்கள்?

தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்துவது 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம். இருக்கும் மரங்களைக் காப்பாற்ற அது தேவை. ஆனால் சில்வர் ஓக்குக்கு நடுவே பலாவோ அத்தியோ புதிதாக நடும் சிறு விவசாயிக்கு, நாளை அதை விற்கும் வழி எளிதானால்தான் குடகு கதை இங்கே நடக்காமல் இருக்கும்.