பட்டவர் சொன்னால் மனசில் பதியும்!

நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருப்பவர், அரை மணிக்கு ஒருமுறையாவது உடலை அசைத்து, சாய்ந்து உட்கார வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். இதை மருத்துவர் சொல்வதைவிட, அதே நாற்காலியில் இருப்பவர் சொன்னால் மனசில் பதியும்.

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் நடந்ததும் அதுதான். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார் எஸ்.ராமகிருஷ்ணன். 1981-ல் சொந்த ஊரில் ‘அமர் சேவா சங்கம்’ தொடங்கினார். தசைச்சிதைவு நோயுள்ள ஆடிட்டர் எஸ்.சங்கரராமன் பின்னர் கைகோத்தார். ஒருவர் வலி இன்னொருவருக்குப் பாடம் சொல்லாமலே புரிந்தது. 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

வீரகேரளம்புதூர் பக்கம் இன்றும் பலர், ‘கை கால் இல்லாதவர்களுக்குத்தானே உதவி’ என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். அது தவறு. 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தசைச்சிதைவு, பார்கின்சன், ஹீமோபிலியா, தலசீமியா எல்லாம் அதில் உண்டு.

பல சலுகைகளுக்கு 40 சதவிகிதக் குறைபாடு என மருத்துவச் சான்று வேண்டும். தேசிய அடையாள அட்டையும் அவசியம். தசைச்சிதைவு, தண்டுவட பாதிப்பு போன்றவற்றால் கடுமையாக முடங்கியவர்களுக்குத் தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்புத் தொகையும் இருக்கிறது. விவரங்களுக்கு, தென்காசி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

அட்டை வாங்கியவர்களே... எந்தச் சான்றுக்கு எங்கே போனீர்கள், எத்தனை நாள் ஆனது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். அவருடைய வீண் அலைச்சல் அதனால் மிச்சமாகும்!