கட்டை, தந்தி, விரல் – 14: காக்கை இறகு

போன வாரம் ஃபிளாரன்ஸில், மெடிசி இளவரசரின் 1700-ஆம் வருடத்து வாத்தியப் பட்டியலோடு நிறுத்தினேன். மெல்லவும் பலக்கவும் ஒலிக்கிற புதுக் கருவி ஒன்றை, முதல் பியானோவை, பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி அங்கே செய்து வைத்திருந்தது தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் அதன் சுத்தியலைப் பிரித்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஓர் இறகு குறுக்கே வந்துவிட்டது.

ஜோஹன் செபாஸ்டியன் பாக்கின் வாழ்க்கையை முதன்முதலில் விரிவாக எழுதியவர் ஃபோர்க்கெல். பாக்கின் மகன்களிடமே கேட்டறிந்து எழுதிய அந்தப் புத்தகம் 1802-ல் வந்தது. அதில் போகிற போக்கில் ஒரு செய்தி சொல்கிறார்: தன் ஹார்ப்சிகார்டுக்கு வேறு யார் இறகு பொருத்தினாலும் பாக்குக்குத் திருப்தி வராது, எப்போதும் தானேதான் பொருத்திக்கொள்வார். சுருதி சேர்ப்பதும் அவரே, அதுவும் கால் மணி நேரத்துக்குள். இந்த வரிகளைப் படித்ததிலிருந்து நான்கு நாட்களாக எனக்கு வேறு நினைப்பில்லை. லைப்சிக்கில் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்கு இசை கொடுத்த மனிதர், மடியில் காக்கை இறகையும் கையில் சிறு கத்தியையும் வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்திருப்பது கண்ணை விட்டு அகல மறுக்கிறது.

ஹார்ப்சிகார்டின் உயிர் அந்த இறகில்தான் இருக்கிறது. கட்டையின் மறுமுனையில் ஜாக் என்கிற மெல்லிய மரச்சட்டம் நிற்கும். விரல் கட்டையை அமுக்கினால் அது மேலே எழும்பும். அதன் பக்கவாட்டில் நகத்துணுக்கு போல நீட்டிக்கொண்டிருப்பது காக்கை அல்லது அண்டங்காக்கை இறகின் தண்டிலிருந்து சீவிய ஒரு சிறு கீற்று. எழும்பும்போது அது தந்தியில் தட்டி, வளைந்து, நழுவும். அந்த நழுவலில் பிறப்பதே நாதம்.

திங்கட்கிழமை காலை மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு காக்கை இறகு கிடந்தது. எடுத்து வந்து பிளேடால் சீவினேன். தண்டின் வெளிப்புறம் நகம் போல வழுவழுப்பு, உள்ளே வெள்ளைச் சோறு. சோற்றைச் சுரண்டிவிட்டு ஒரு கீற்றை எடுத்து, வீட்டிலுள்ள பழைய தம்புராவின் தந்தியில் வைத்துச் சுண்டிப் பார்த்தேன். விரலால் மீட்டும்போது வரும் உருண்ட நாதம் இல்லை. பொறி பறந்ததுபோல் சுரீரென்று வந்தது. கீற்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடித்தால் பலமாக, நுனியை மட்டும் வைத்தால் மெதுவாக. அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விளையாடினேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. கையில் பிடித்திருக்கும் வரைதான் இந்தச் சுதந்திரம். ஜாக்கில் செருகிவிட்டால் இறகு எத்தனை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அத்தனைதான். குழந்தை தொட்டாலும் பயில்வான் குத்தினாலும் அது ஒரே இடத்தில் வளைந்து, ஒரே இடத்தில் நழுவும். ஏறக்குறைய ஒரே அளவுதான் ஒலிக்கும்.

ஜாக் கீழே இறங்கும்போது இறகு மறுபடியும் தந்தியைச் சுண்டாமல் இருப்பது எப்படி என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இறகைச் செருகியிருப்பது சட்டத்தில் நேராக அல்ல, சட்டத்துக்குள் அச்சில் ஆடும் ஒரு குட்டி நாக்கில். இறங்கும்போது இறகு தந்தியில் பட்டதும் நாக்கு பின்னால் சாய்ந்து வழிவிடும். தாண்டியதும் பழைய இடத்துக்குத் திரும்பும். அதைத் திருப்பும் வில் எது தெரியுமா? காட்டுப்பன்றியின் மயிர். மேலே ஒரு துணுக்குத் துணி, தந்தியில் படிந்து ஒலியை அடக்கும். காக்கை, பன்றி, மரம், துணி – இந்த நான்கையும் வைத்துக்கொண்டு ஐரோப்பா முன்னூறு வருடங்களுக்கு மேல் வாசித்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டுப் பெரிய பிரெஞ்சு ஹார்ப்சிகார்ட் ஒன்றில் 61 கட்டைகள், மூன்று வரிசைத் தந்திகள். ஆக 183 ஜாக்குகள், 183 இறகுக் கீற்றுகள். அத்தனையையும் ஒரே கனம், ஒரே நீளம், ஒரே வளைவு வரும்படி கையால் சீவ வேண்டும். ஒன்று தடித்துவிட்டால் அந்த ஸ்வரம் மட்டும் வரிசையிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். பாக் இந்த வேலையைப் பிறரிடம் விடாததில் வியப்பில்லை. தொடுகையின் சூட்சுமம் முழுவதும் கத்தி முனையில் முடிவாகிவிடுகிறது. வாசிக்க உட்கார்ந்த பிறகு திருத்த முடியாது.

பாரிஸில் ஃபிரான்ஸ்வா கூப்பரினுக்கும் இது தெரியும். 1716-ல் வெளியிட்ட தன் பயிற்சி நூலில், சிறு பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கும் கருவியில் இறகு மிக மென்மையாக இருக்க வேண்டும் என்கிறார். இல்லாவிட்டால் பிஞ்சு விரல்கள் பலத்தைக் கொடுத்துக் கொடுத்துக் கெட்டுப்போகும். அதற்கு மூன்று வருடம் முந்தைய தன் முதல் தொகுப்பின் முன்னுரையிலோ மனக்குறையையே எழுதிவிட்டார். ஹார்ப்சிகார்டின் ஒலியைப் பெருக்கவும் குறைக்கவும் வழியில்லை. கலையாலும் ரசனையாலும் அதற்கு உணர்ச்சி ஏற்றிக் காட்டுபவருக்கு என்றைக்கும் நன்றியுள்ளவனாக இருப்பேன் என்கிறார். எழுதிய வருடம் 1713. இத்தாலியில் மாஃபெய் என்ற அறிஞர் கிறிஸ்டோஃபோரியின் புதுக் கருவியை, சுத்தியலின் படத்தோடு, பத்திரிகையில் விளக்கியது 1711. கூப்பரின் ஏங்கிய கருவி அச்சிலேயே ஏறியிருந்தது. இந்த இரண்டு வருட இடைவெளி என் மனதை அறுக்கிறது.

அந்த ஒரே குறையைச் சரிசெய்ய ஹார்ப்சிகார்ட் செய்பவர்கள் பட்ட பாட்டையே அதன் பிற்கால வரலாறு என்று சொல்லிவிடலாம். இரண்டு அடுக்குக் கட்டைகள் வைத்து ஒன்றில் பலத்த ஒலி, மற்றதில் மெல்லியது என்று பிரித்தார்கள். பாரிஸில் பாஸ்கல் டாஸ்கான் 1768-ல் ஒரு வரிசைக்கு இறகை எடுத்துவிட்டு மெத்தென்ற தோலைப் பொருத்தினார். லண்டனில் பர்கட் ஷூடி 1769-ல் தந்திகளுக்கு மேலே ஜன்னல் சட்டங்கள் போலப் பலகைகளை அடுக்கி, காலால் மிதித்துத் திறந்து மூடும் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். எனக்கு இந்தப் பலகைகள் மேல் தனிப் பிரியம். சாத்திய கதவுக்குப் பின்னால் பாடுகிறவர் கதவைத் திறந்ததும் கிட்டே வருவாரே, அந்த மாதிரி ஒலி வளரும். ஆனால் மொத்தமாகத்தான் வளரும். ஒரு ஸ்வரத்தை அழுத்தி அடுத்ததை வருடுவது அப்போதும் கைகூடவில்லை.

ஷூடியின் போட்டியாளர் ஜேக்கப் கிர்க்மன். அவரைப் பற்றிச் சார்ல்ஸ் பர்னி எழுதிவைத்த ஒரு கதையைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. லண்டன் சீமாட்டிகளுக்குத் திடீரென்று கிட்டார் மோகம் பிறந்து, வீட்டிலிருந்த ஹார்ப்சிகார்டுகளை வந்த விலைக்குத் தள்ளத் தொடங்கினார்களாம். கிர்க்மன் அவற்றை வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு மலிவான கிட்டார்களை வாங்கித் தொப்பிக் கடைப் பெண்களுக்கும் தெருப் பாடகர்களுக்கும் கொடுத்து, வாசிக்கவும் சொல்லித் தந்தார். தெருவில் கேட்கிற வாத்தியத்தைத் தாங்களும் வாசிப்பதா என்று சீமாட்டிகள் ஹார்ப்சிகார்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

அந்தத் தந்திரம் பியானோவிடம் பலிக்கவில்லை. 1760-களில் ஸும்பே என்ற ஜெர்மானியர் லண்டனில் மேசை போன்ற சின்னப் பியானோக்களைச் செய்து விற்றார். ஹார்ப்சிகார்டைவிட விலை குறைவு, அறையில் ஒதுங்கி நிற்கும், விரல் சொன்னதைக் கேட்கும். 1768 ஜூனில் லண்டன் மேடையில் ஒருவர் பியானோவில் தனியாக வாசித்தார். அவர் ஜோஹன் கிறிஸ்டியன்: தன் கையால் இறகு சீவிய அந்தப் பாக்கின் கடைசி மகன். டாஸ்கான் தோலைப் பொருத்திய அதே வருடம். ஷூடியின் பட்டறைக்குத் தச்சராக வந்து, 1769-ல் அவர் மகளையே மணந்த ஜான் ப்ராட்வுட், பின்னாளில் பியானோவால்தான் பெயர் பெற்றார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பட்டறைகளில் இறகு சீவும் வேலை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது.

மூத்த பாக்கும் பியானோவைத் தொட்டுப் பார்த்தவர்தான். கிறிஸ்டோஃபோரியின் முறையைப் பின்பற்றி சில்பர்மன் என்பவர் செய்த கருவியை வாசித்துவிட்டு, நாதம் நன்று, ஆனால் மேல் ஸ்வரங்கள் சோனி, கட்டைகளும் கனம் என்றார். சில்பர்மனுக்கு மனம் நொந்துபோனது. ஆனாலும் பல வருடம் உழைத்துத் திருத்தி மீண்டும் காட்ட, பாக் முழுமனதாக ஒப்புக்கொண்டார்.

சில்பர்மன் எதைப் பின்பற்றினார் என்பதைப் புரிந்துகொள்ள சுத்தியலுக்குள் போயாக வேண்டும். தந்தியை அடித்த சுத்தியல், விரல் கட்டையை அமுக்கிக்கொண்டிருக்கும்போதே விலகிவிட வேண்டும். ஒட்டிக்கொண்டால் தான் எழுப்பிய நாதத்தைத் தானே நெரித்துவிடும். கிறிஸ்டோஃபோரியின் பியானோக்களில் மிஞ்சியவை மூன்று: நியூயார்க், ரோம், லைப்சிக். அடுத்த வாரம் நியூயார்க்கில் இருக்கும் 1720-ஆம் வருடத்துக் கருவியைத் திறந்து, அந்த விலகலிலிருந்து தொடங்குகிறேன்.