சாவி வாங்கும் முன் ஒரு முழு நாள்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் டிரம்பெட், சாக்ஸபோன் போன்ற பேண்டு வாத்தியங்களுக்குப் பேர்போனது. இன்று அந்த நாட்டுச் சாலைகளில் ஓடும் வீட்டு வண்டிகளில் பெரும்பகுதி இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தொழிற்சாலைகளில்தான் உருவாகிறது. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, கழிப்பறை எல்லாம் உள்ளடங்கிய இந்த வண்டியை அங்கே ஆர்.வி. என்கிறார்கள். நம் ஊர்ப் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவனும் இந்த இனம்தான். தானே ஓடுவது மோட்டார் ஹோம். பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்வது டிராவல் டிரெய்லர்.

பணி ஓய்வுக்குப் பின் இப்படி ஒரு வண்டியில் நாடு முழுக்கச் சுற்ற வேண்டும் என்பது அங்கே பல குடும்பங்களின் நெடுநாள் கனவு. கொரோனா காலத்தில் விமானமும் ஹோட்டலும் கைவிட்டபோது கனவு அவசரத் தேவையானது. 2021-இல் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளை விட்டு வெளியேறின. அதுவரை காணாத உச்சம் அது. பெரிய மோட்டார் ஹோம் என்றால் விலை லட்சக்கணக்கான டாலரைத் தொடும். 15, 20 ஆண்டுத் தவணையில் வாங்குபவர்கள் உண்டு.

இவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் புத்தம் புதிய வண்டி முதல் மழையிலேயே ஒழுகினால்?

அப்படி நடக்கிறது. காரணம், வண்டி உருவாகும் விதத்தில் இருக்கிறது. கார் தொழிற்சாலையில் ரோபோக்கள் செய்யும் வேலையை இங்கே மனிதக் கைகள் செய்கின்றன. சுவர்ச் சட்டம், குழாய், மின்கம்பி, அலமாரி எல்லாமே கைவேலை. பல தொழிற்சாலைகளில் கூலி பீஸ் ரேட் கணக்கில். எத்தனை வண்டி முடிகிறதோ அதற்கேற்ற பணம். வேகத்துக்குக் கூலி கிடைக்கும் இடத்தில் ஒரு குழாய் வளையம் சரியாக இறுகாமல் போகலாம். கூரையில் ஓர் ஓரம் சீலன்ட் இல்லாமல் விடுபடலாம். பிறகு அந்த வண்டி பல நூறு மைல், சில சமயம் ஆயிரக்கணக்கான மைல் குலுங்கி டீலரின் யார்டுக்கு வந்து சேர்கிறது. தொழிற்சாலையில் இறுக்கமாக இருந்த ஸ்குரூவும் வழியில் தளர்ந்திருக்கலாம்.

கையெழுத்துக்குப் பின் கை கட்டப்படும்

அமெரிக்காவில் வாங்கியதை மூன்று நாளுக்குள் திருப்பித் தரலாம் என்றொரு மத்திய அரசு விதி உண்டு. வீடு தேடி வந்து விற்பவர்களிடம் வாங்கியதற்கு அது உதவும். டீலரின் கடையில் உட்கார்ந்து கையெழுத்திட்ட வண்டிக்கு உதவாது. பழுதான கார்களுக்கு நிவாரணம் தரும் ‘லெமன் சட்டங்கள்’ மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகின்றன. பல மாநிலங்களில் மோட்டார் ஹோமின் இன்ஜினும் சேஸியும் மட்டுமே அதில் அடங்கும். ஒழுகும் கூரையும் வேலை செய்யாத அடுப்பும் அடங்காது.

வாரன்டியும் ஒரே இடத்தில் இல்லை. சேஸிக்கு ஒரு நிறுவனம், வீட்டுப் பகுதிக்கு இன்னொன்று, ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் அவற்றைச் செய்தவர்கள் என்று பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. கோடை சீசனில் ஒர்க்ஷாப்பில் விட்ட வண்டி திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். விடுமுறை போய்விடும், தவணை மட்டும் நிற்காது.

முழுத் தொகை கைமாறும் வரைதான் வாங்குபவரின் பேச்சுக்கு எடை. அதனால்தான் டெலிவரிக்கு முந்தைய சோதனையை அனுபவசாலிகள் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள். அங்கே இதற்குச் சுருக்கப் பெயர் பி.டி.ஐ. டீலரின் ஊழியர் முக்கால் மணி நேரம் சுற்றிக் காட்டி, ‘இது சுவிட்ச், இது வால்வு’ என்று விளக்குவது சோதனை ஆகாது. நல்ல பகல் வெளிச்சத்தில், ஒவ்வொரு கருவியையும் இயக்கி, அரை நாளோ முழு நாளோ செலவிட்டுப் பார்ப்பதுதான் சோதனை.

முதல் எதிரி தண்ணீர்

சோதனையைக் கூரையிலிருந்து தொடங்குவது நல்லது. ஏணி கேட்டு மேலே ஏறி, காற்றுப்போக்கி, ஏசி, ஆன்டெனா ஆகியவற்றைச் சுற்றிப் பூசிய சீலன்டை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரிசலோ இடைவெளியோ இருந்தால் அங்கேதான் தண்ணீர் இறங்கும். பக்கச் சுவரை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வண்டியின் மூலையில் நின்று சுவரோடு சாய்வாகக் கண்ணை ஓட்டினால் அலை அலையாக உப்பிய இடம் தெரியும். ஃபைபர் கிளாஸ் உள் பலகையை விட்டுப் பிரிந்திருப்பதன் அடையாளம் அது. இதைச் சரிசெய்வது பெரிய செலவு.

அடுத்து குழாய்கள். நல்ல தண்ணீர் டேங்கை நிரப்பி, 12 வோல்ட் பம்பை ஓடவிட்டு, எல்லாக் குழாய்களையும் மூடிவிட வேண்டும். அழுத்தம் ஏறியதும் பம்ப் நின்றுவிட வேண்டும். யாரும் குழாயைத் திறக்காதபோதே அது மறுபடி மறுபடி உறுமினால், எங்கோ கசிகிறது என்று பொருள். சிங்க்கின் அடியில், கழிப்பறையின் பின்னால், வெளிப்புற ஷவர் பெட்டிக்குள் என்று டார்ச் அடித்து டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்தால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். கழிவுநீர் டேங்குகளில் தண்ணீர் ஊற்றி, அளவு காட்டும் விளக்குகள் சரியாக எரிகின்றனவா, வால்வு சொட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: வாட்டர் ஹீட்டரில் தண்ணீர் நிரம்பும் முன் அதன் மின் சுவிட்சைப் போடக் கூடாது. காய்ந்த டேங்கில் ஹீட்டர் காயில் சீக்கிரமே கருகிவிடும்.

கேஸ், மின்சாரம், நெருப்பு

அடுப்பு, ஹீட்டர் இரண்டுக்கும் புரோபேன் வாயு போகிறது. அது காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால்தான் அதற்கான அலாரம் தரையை ஒட்டிப் பொருத்தப்படுகிறது. அந்த அலாரத்தையும், கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும், புகை அலாரத்தையும் பொத்தானை அழுத்தி ஒலிக்கவிட்டுப் பார்ப்பதோடு, பின்புறம் அச்சிட்ட காலாவதித் தேதியையும் படிக்க வேண்டும். கேஸ் லைனை அழுத்தமானியில் இணைத்து முள் இறங்குகிறதா என்று பார்க்கும் கசிவுச் சோதனையைத் தன் கண் முன்னால் செய்யச் சொல்லும் உரிமை வாங்குபவருக்கு இருக்க வேண்டும்.

மின் இணைப்பு இருவகை. 30 ஆம்பியர் இணைப்பில் மொத்தம் 3,600 வாட். 50 ஆம்பியரில் 12,000 வாட். சில டாலருக்குக் கிடைக்கும் மூன்று விளக்கு டெஸ்டரை ஒவ்வொரு பிளக் பாயின்டிலும் சொருகினால் ஃபேஸ், நியூட்ரல் மாறியிருப்பதும் எர்த் இல்லாததும் தெரிந்துவிடும். ஏசியை அரை மணி நேரமாவது ஓடவிட வேண்டும். ஃபிரிட்ஜ் கேஸில் இயங்கும் பழைய வகையானால் குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும். முந்தைய இரவே போட்டுவைக்கும்படி டீலரிடம் சொல்லிவிட வேண்டும்.

அந்த வகை ஃபிரிட்ஜுக்கு ஒரு வரலாறும் உண்டு. குழாயில் விரிசல் விழுந்து தீப்பற்றும் ஆபத்து இருந்ததால் டொமெடிக் நிறுவனம் 2006-இல் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபிரிட்ஜ்களைத் திரும்ப அழைத்தது. இத்தகைய திரும்ப அழைப்புகளை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணை அங்கே தட்டிப் பார்ப்பதற்குக் காசும் இல்லை, நேரமும் ஆகாது.

எடையும் டயரும்

கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை வாங்குபவர்களில் பலர் படிப்பதே இல்லை. வண்டி எவ்வளவு சுமையைத் தாங்கும் என்று அதில் எழுதியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 50 கேலன் டேங்க் நிரம்பினாலே ஏறத்தாழ 190 லிட்டர், அதாவது 190 கிலோ அங்கேயே போய்விடும். மிச்சத்தில்தான் பாத்திரம், துணி, சைக்கிள், நாற்காலி எல்லாம் அடங்க வேண்டும். சுமை மீறினால் முதலில் அடிபடுவது டயர்.

டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களே அதன் பிறந்த தேதி. 3523 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. புது வண்டியில் பழைய டயர் இருந்தால் அதைப் பற்றி அங்கேயே பேசிவிட வேண்டும். பக்கவாட்டில் நீளும் ஸ்லைட்-அவுட் அறையைப் பல முறை வெளியே தள்ளி உள்ளே இழுத்து, இரு பக்கமும் சமமாக நகர்கிறதா, தரை கீறுகிறதா என்று பார்ப்பதும் இதோடு சேர்ந்த வேலை. அறை வெளியே நிற்கும்போது உள்ளிருந்து பார்த்தால் ஓரங்களில் வெளிச்சம் தெரியவே கூடாது.

இதெல்லாம் தன்னால் முடியாது என்று நினைப்பவர்கள் ஆர்.வி. சோதனைக்கென்றே பயிற்சி பெற்றவர்களைக் கூலிக்கு அமர்த்தலாம். வண்டியின் அளவைப் பொறுத்துச் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் ஆகும். வண்டி விலையோடு ஒப்பிட்டால் சிறு தொகை. வெளியாள் வந்து பார்ப்பதை டீலர் மறுத்தால், முன்பணம் கொடுக்கும் முன்பே வேறு டீலரைத் தேடுவது நல்லது.

கண்ட குறைகளைப் படத்தோடு பட்டியலிட்டு, எதை எந்தத் தேதிக்குள் சரிசெய்வார்கள் என்று டீலரின் கையெழுத்தோடு எழுதி வாங்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. பெரிய குறைகள் தீர்ந்த பிறகே மீதிப் பணம். டீலர் அனுமதித்தால் முதல் இரவை அவருடைய யார்டிலேயே கழிக்கலாம். இரவில் ஹீட்டரும் காலையில் வெந்நீரும் வேலை செய்கின்றனவா என்பது அப்போது தெரிந்துவிடும். வீடு திரும்பும் வழியில் முதல் 50 மைல் முடிந்ததும் ஓரம் கட்டி, சக்கர நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்க வேண்டும். முதல் சில பயணங்கள் டீலரின் ஒர்க்ஷாப்புக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணையும் அதைச் செய்த நிறுவனத்தில் பதிவு செய்யும் வேலையை அந்த வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.