கணக்கில் மார்க்கு ஏறவில்லையா?
ஒரே இடத்தில் நிற்பது ஏன்? மேலே ஏற வழி என்ன?

திண்டுக்கல் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது ஆத்தூர். திண்டுக்கல் நகருக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் காமராசர் அணை இங்கேதான் உள்ளது.

இந்த ஊரில் ஒரு பெண் "குரூப்-4" பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தேறினால் சர்க்கார் உத்தியோகம். குடும்பமே அவளை நம்பி இருக்கிறது.

பரீட்சையில் மொத்தம் 200 கேள்விகள். அவற்றில் 25 கணக்குக் கேள்விகள். கேள்விக்கு 1½ மார்க்கு. அவளுக்கு முதலில் 8 சரியாக வந்தது. பிறகு 12. பிறகு 15. அதோடு நின்றுவிட்டது! இரண்டு மாதமாக அதே 15தான்.

"எனக்குக் கணக்கு வராது" என்று அவள் புத்தகத்தை மூடிவிடலாமா? கூடாது!

தந்தி சொன்ன பாடம்

அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர், தந்தி பழகுகிறவர்களை ஆராய்ந்தார்கள். முடிவுகளை 1897-லும் 1899-லும் வெளியிட்டார்கள்.

தந்தி வாங்கப் பழகியவர்களின் வேகம் முதலில் ஏறியது. பிறகு பல வாரம் அப்படியே நின்றது. பிறகு மறுபடியும் ஏறியது!

என்ன காரணம்? முதலில் எழுத்து எழுத்தாகக் கேட்டார்கள். அதில் கை தேர்ந்த பிறகு, சொல் சொல்லாகக் கேட்கத் தொடங்கினார்கள். பழைய முறையை விட்டுப் புதிய முறைக்கு மாறியதும் வேகம் கூடியது. இதுவே அவர்கள் கண்ட விளக்கம்.

கலந்து போடுங்கள்

கணக்குக்கும் இது பொருந்தும். இன்று முழுவதும் வட்டிக் கணக்கு, நாளை முழுவதும் விகிதக் கணக்கு என்று போட்டால் சுலபமாகத் தோன்றும். ஆனால் பரீட்சைத் தாளில், "இது வட்டிக் கணக்கு" என்று தலைப்புப் போட்டிருக்காது!

ரோரர், டெய்லர் என்ற ஆராய்ச்சியாளர்கள் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். முடிவு 2007-ல் வெளிவந்தது. பயிற்சியின்போது, வகை வகையாகப் போட்டவர்கள் 100-க்கு 89 சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துப் பரீட்சை வைத்தார்கள். வகை வகையாகப் போட்டவர்கள் 20. கலந்து போட்டவர்கள் 63!

தப்புக்கு ஒரு நோட்டு

சின்னாளபட்டி சுங்குடிச் சேலை ஒன்றின் விலை 1,000 ரூபாய். கடைக்காரர் 100-க்கு 10 வீதம் விலையைக் கூட்டினார். பிறகு 100-க்கு 10 வீதம் குறைத்தார். இப்போது விலை என்ன?

"அதே 1,000" என்று பலரும் சொல்வார்கள். தப்பு! கூட்டியதும் 1,100 ஆகிவிட்டது. அதில் பத்தில் ஒரு பங்கு 110. விடை 990 ரூபாய்.

இப்படித் தவறிய கணக்கை ஒரு நோட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் காரணத்தையும் எழுத வேண்டும். முறை தெரியவில்லையா? எந்த முறை என்று புரியவில்லையா? அவசரமா? மூன்று நாள் கழித்து, விடையைப் பார்க்காமல் அதையே மறுபடி போட வேண்டும்.

கடைசியாக, கடிகாரம். 3 மணி நேரத்தில் 200 கேள்விகள். ஒன்றுக்கு 54 விநாடிதான். ஒரு கணக்கு மடங்கவில்லை என்றால், அதோடு மல்லுக்கு நிற்காமல் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம்.

15 கேள்வி 20 ஆனால், 7½ மார்க்கு கூடும். 2024-ல் இந்தப் பரீட்சைக்கு 20 லட்சம் பேருக்கு மேல் மனுப் போட்டார்கள். முதலில் அறிவித்த வேலைகளோ 6,244தான். அந்தக் கூட்டத்தில் 7½ மார்க்கு சின்ன விஷயமா?

மார்க்கு நின்றால் மூளை நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. படிக்கிற முறையை மாற்ற வேண்டும் என்றுதான் அர்த்தம்!