நீள்முள் கடல் முள்ளெலிக்கு ஒரு வீட்டுத் தொட்டி

நஞ்சுள்ள கடல் முள்ளெலியை வீட்டில் வளர்ப்பதில் முக்கால் பங்கு வேலை, அது வந்து சேர்வதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அசையாத பாறையும் நிலைத்த நீரும் தயாரான பிறகுதான் விலங்கை வாங்க வேண்டும்.

முதலில் இனத்தைத் தீர்மானிக்க வேண்டும். வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது டயடெமா செட்டோசம். செங்கடலிலிருந்து மேற்குப் பசிபிக் வரை உள்ள பவளத்திட்டுகளில் வாழ்வது. கரிய உடலின் மேற்புறத்தில் ஐந்து வெண்புள்ளிகளும், நடுவில் ஆரஞ்சு நிற வளையமும் இருக்கும். ஓட்டின் விட்டம் 7 முதல் 8 செ.மீ.; முட்கள் 30 செ.மீ. வரைகூட நீளும். முள்ளின் உட்புறம் குழலாக இருப்பதால், தோலுக்குள் புகுந்ததும் மெல்லிய கண்ணாடிக் குழாய்போல் நொறுங்கிவிடும். இதன் நஞ்சு மிதமானது. பூ முள்ளெலி எனப்படும் டாக்ஸோநியூஸ்டஸ் பைலியோலஸ் அப்படியன்று. அதற்கு நஞ்சு இருப்பது முள்ளில் அல்ல, இதழ்களைப்போல் விரிந்திருக்கும் நுண்கொடுக்குகளில். முள்நுனிகளில் நஞ்சுப்பை கொண்ட ஆஸ்தெனோசோமா இனங்களும் உண்டு. இவை இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

அடுத்து தொட்டி. 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்றால் சுமார் 430 லிட்டர் கொள்ளும். இதற்குக் குறைந்தால் முட்கள் நாற்புறமும் இடிக்கும். இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. எனவே கடலில் எடுத்த பவளக்கல்லைத் தவிர்த்து, நுண்துளைகள் உள்ள பீங்கான் பாறைகளைப் பயன்படுத்த வேண்டும். பாறைகளை மணல்மேல் வைக்காமல், தொட்டியின் அடிக்கண்ணாடிமேல் நேரடியாக வைத்து, கடல்நீர்த் தொட்டிக்கென விற்கும் எப்பாக்ஸி பசையால் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். ஒட்டியவை இறுகிய பின், 2 செ.மீ. உயரத்துக்கு மணலைச் சுற்றிலும் பரப்பலாம். முள்ளெலி இரவில் ஊர்ந்து போகும்போது தளர்வான கல்லை உருட்டித் தள்ளிவிடும். மணலில் ஊன்றிய கல்லையும் சாய்த்துவிடும். பகலில் அது ஒதுங்க, வெளிச்சம் படாத 30 செ.மீ. அகலக் குகை ஒன்று வேண்டும்.

மூன்றாவது, நீர். ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் செயற்கைக் கடலுப்பைத் தனி வாளியில் கரைத்து, சிறு பம்பை ஓடவிட்டு ஒரு நாள் சுழல விட வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டரில் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 என்று காட்ட வேண்டும். வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். சென்னைக் கோடையில் இதற்குச் சில்லர் தேவைப்படும். பி.எச். 8.1 முதல் 8.4, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம். முள்ளெலியின் ஓடும் முள்ளும் சுண்ணாம்பாலானவை என்பதால் கால்சியம் குறையக் கூடாது. தாமிரம் கலந்த மீன் மருந்து எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. முதுகெலும்பற்ற உயிர்களை அது கொல்லும்.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகும் அவசரப்படக் கூடாது. பாறைமேல் பச்சைப் பாசி படர ஆறு மாதம் கொடுக்க வேண்டும். அதுவே வரப்போகும் விலங்கின் முதல் உணவு.

நான்காவது, தேர்வு. கடையில் தொட்டிக்கு மேலே கையை நீட்டி நிழல் விழச் செய்தால், நலமான முள்ளெலி தன் முட்களை உடனே நிழலின் பக்கம் திருப்பும். முட்கள் தொய்ந்திருந்தாலோ, அடியில் உதிர்ந்து கிடந்தாலோ வாங்க வேண்டாம். முட்கள் பையைத் துளைக்கும். எனவே நீர் நிறைத்த, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவர வேண்டும்.

ஐந்தாவது, பழக்குதல். உடலின் உப்பைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றல் முள்ளெலி போன்ற முட்தோலிகளுக்கு இல்லை. சுற்றியுள்ள நீரின் உப்பே உடலின் உப்பு. ஆகவே காற்றுக்குழாய் ஒன்றில் முடிச்சிட்டு, வினாடிக்கு இரண்டு மூன்று சொட்டு வீதம் தொட்டிநீரை டப்பாவுக்குள் விட வேண்டும். நீர் இருமடங்கானதும் பாதியை இறைத்துவிட்டு மறுபடி சொட்டவிட வேண்டும். இப்படியே திரும்பத் திரும்பச் செய்தால் டப்பாவில் பெரும்பாலும் தொட்டிநீரே இருக்கும். பிறகு விளக்கை அணைத்து, டப்பாவைக் குகைவாயில் அமிழ்த்திச் சாய்த்துவிட்டால், முள்ளெலி குழாய்க்கால்களால் பற்றித் தானே நடந்து வெளியேறும். அதை நீரைவிட்டு மேலே தூக்கக் கூடாது.

மறுநாள் காலையில் பாறையைப் பார்த்தால், பாசிமேல் சிறு சிறு நட்சத்திரக் கீறல்கள் தெரியும். அரிஸ்டாட்டிலின் விளக்கு என்று அழைக்கப்படும் வாயமைப்பின் ஐந்து பற்களும் ஒரே புள்ளியில் கூடிச் சுரண்டிய தடம் அது. கீறல் இருந்தால் விலங்கு மேய்கிறது என்று பொருள். பாசி தீர்ந்துவிட்டால், வாரம் இரண்டு மூன்று முறை நோரி எனும் உலர்ந்த கடற்பாசித் தாளில் உள்ளங்கையளவு துண்டைக் கற்களுக்கிடையே செருக வேண்டும். மிச்சத்தை மறுநாள் உறிஞ்சி எடுக்க வேண்டும். பாங்காய் கார்டினல் மீன்களைச் சேர்த்து வளர்க்கலாம். அவை முட்களுக்கிடையே பதுங்கி வாழ்பவை. டிரிக்கர் மீன்கள் முள்ளெலியைத் தின்றுவிடும்.

வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். ஆவியான நீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்.ஓ. நீரை நாள்தோறும் சேர்க்க வேண்டும். கண்ணாடியைக் காந்தத் துடைப்பானாலும், உள்ளே மற்ற வேலைகளை 60 செ.மீ. இடுக்கியாலும் செய்ய வேண்டும். கையுறையையும் முள் துளைத்துவிடும். அதை நம்பிக் கையை நுழைக்கக் கூடாது. வலையும் ஆகாது; முள் சிக்கி ஒடியும். இடம் மாற்ற வேண்டியிருந்தால், அக்ரிலிக் கோலால் டப்பாவுக்குள் மெல்ல நகர்த்த வேண்டும்.

முள் குத்திவிட்டால், வெளியே தெரியும் துண்டைச் சாமணத்தால் எடுத்துவிட்டு, தோல் வெந்துபோகாத அளவு சூடான, ஏறக்குறைய 45 டிகிரி நீரில் 30 முதல் 90 நிமிடம் காயத்தை அமிழ்த்தி வைக்க வேண்டும். மூட்டருகே குத்தினாலோ, வீக்கம் தணியாவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சுத்திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வளர்க்க முடியாமல் போனால் கடையில் திருப்பிக் கொடுங்கள், கடலில் விடாதீர்கள். 1983இல் பனாமா அருகே தொடங்கிய ஒரு நோய், ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் கரீபியன் கடலின் டயடெமா முள்ளெலிகளில் 90 சதவீதத்துக்கு மேல் அழித்தது. மேய ஆளில்லாத பவளப்பாறைகளைப் பாசி மூடிக்கொண்டது. தொட்டியில் வாழ்ந்த உயிர், தொட்டியின் கிருமிகளையும் சுமந்தே கடலுக்குப் போகும்.